ஸ்டாக்ஹோமில் அம்மாவோடு ஒரு நாள்: ஏற்பாட்டைச் சேலத்திலேயே தொடங்குங்கள்

பிள்ளையைப் பார்க்க ஸ்வீடன் போகும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஸ்டாக்ஹோமைச் சுற்றிக்காட்ட ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால், தயவுசெய்து இடங்களைக் குறையுங்கள். போன ஜூனில் என் அம்மாவைக் கூட்டிப்போனேன், அவருக்கு 66 வயது, சேலம் அம்மாபேட்டையை விட்டால் ஏற்காடும் பழனியும்தான் அவர் போன தூரம். முதலில் ஆறு இடம் எழுதி வைத்திருந்தேன், கடைசியில் பார்த்தது ஒரு படகு, ஒரு கப்பல், ஒரு பழைய தெரு. அதுவே போதுமானதாக இருந்தது.

ஊரில் செய்ய வேண்டியது முதலில். ஸ்டாக்ஹோமின் பழைய ஊரான காம்லா ஸ்டான் முழுக்க உருட்டுக்கல் பாவிய தெருக்கள், செருப்போடு அங்கே நடந்தால் மதியத்துக்குள் முட்டி போய்விடும். ஷூவை ஒரு மாதம் முன்பே வாங்கிக் கொடுத்து, இரண்டு ஞாயிறு ஏற்காடு கூட்டிப்போய் ஏரிக்கரையில் நடக்க வையுங்கள், எவ்வளவு தூரத்தில் அவர் நின்று மூச்சு வாங்குகிறார் என்பது உங்களுக்கும் அப்போதுதான் தெரியும். எஸ்கலேட்டர் பயம் இருந்தால் இங்கேயே ஏதாவது ஒரு மாலில் பழக்கிவிடுங்கள், அங்கே சுரங்க ரயில் நிலையங்களில் அவை ரொம்ப நீளம் (லிஃப்டும் உண்டு, தேடிப் பிடிக்க வேண்டும்). பெட்டியில் தட்டுவடை வைக்கலாம். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம், வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. மாம்பழமும் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் உள்ளே போகாது, சேலத்துக்காரர்களுக்கு இதுதான் பெரிய வருத்தம்.

அங்கே கிட்டத்தட்ட எல்லாமே கார்டுதான், நோட்டை நீட்டினால் பல கடைகளில் வாங்க மாட்டார்கள். பஸ், ரயில் டிக்கெட்டை அந்த ஊர்ப் போக்குவரத்து நிறுவனமான எஸ்எல்லின் ஆப்பில் எடுங்கள், 65 வயதுக்கு மேல் சலுகைக் கட்டணம் உண்டு. டிக்கெட் 75 நிமிடம் செல்லும், அதே டிக்கெட்டில் ஸ்லுசன் படகுத்துறையிலிருந்து யூர்கோர்டன் தீவுக்குப் படகிலும் போகலாம். இந்தப் படகை மட்டும் தவறவிடாதீர்கள். 14 தீவுகளில் கட்டிய ஊர் அது, தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் புரியும், தனியாகச் சுற்றுலாப் படகுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அப்புறம், ஜூன் மாதமானாலும் மேல்தளத்தில் காற்று ஏற்காட்டு மார்கழி மாதிரி வெட்டும், சால்வை கையில் இருக்கட்டும்.

இறங்கியதும் பத்து நிமிட நடையில், வாசா என்ற பழைய போர்க்கப்பலை வைத்திருக்கும் வாசா அருங்காட்சியகம். திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள், ஆனால் போகும் வழியிலேயே கதையைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர்களுக்கு அது வெறும் பழைய மரம். 1628 ஆகஸ்ட் 10, 64 பீரங்கியோடு ராஜாவின் புதுக் கப்பல் முதல் பயணம் கிளம்புகிறது. மேல்பாரம் அதிகம். சுமார் 1300 மீட்டர்தான் போயிருக்கும், ஒரு காற்று அடித்ததும் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியாகத் தண்ணீர் புகுந்து ஊர் சனம் பார்க்கப் பார்க்க மூழ்கிவிட்டது. பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தை அரிக்கும் கப்பல்புழு அங்கே வாழாது, அதனால் 333 வருடம் கழித்து 1961ல் தூக்கியபோதும் கப்பல் கப்பலாகவே இருந்தது. அம்மா பின்பக்கச் சிற்பங்களைத் தேர்ச் சிற்பம் பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் பளிச்சென்று வர்ணம் பூசியிருந்தார்கள் என்று அங்கே காட்டியிருக்கிறார்கள். "நம்ம கோபுரம் மாதிரியேதான் கண்ணு" என்றார். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நடுவில் கால் வலித்தால் உள்ளேயே குறும்படம் ஓடுகிறது, உட்கார்ந்து பார்க்கலாம். வெளியே பொதுக் கழிப்பறைகளில் பலவற்றுக்குக் காசு, அதனால் அருங்காட்சியகத்திலேயே போய்விட்டுக் கிளம்புங்கள்.

பக்கத்தில்தான் ஸ்கான்சன், 1891ல் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம். நல்ல இடம், ஆனால் மேடும் பரப்பும் அதிகம், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். இன்னொரு முறை பார்க்கலாம்.

ஒரு விஷயம் முக்கியம். "முடியுதாம்மா?" என்று கேட்காதீர்கள். "எனக்கென்ன, நீ நட, நான் வர்றேன்" என்றுதான் பதில் வரும். "எனக்குக் காபி வேணும், உட்காரலாமா?" என்று கேளுங்கள், உடனே உட்காருவார்கள். காபி நம் டிகாக்‌ஷன் போல இருக்காது, பாலும் சர்க்கரையும் கேட்டு வாங்குங்கள், கூடவே கார்டெமும்மாபுல்லே என்ற ஏலக்காய் பன். அம்மா அதைப் பிட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, ஊரை விட்டு வந்த பிறகு முதல் முறையாக இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மதியம் அதே படகில் திரும்பினால் காம்லா ஸ்டான் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்டூர்டோரியெட் சதுக்கத்தில் நோபல் அருங்காட்சியகம், சர் சி.வி. ராமன் 1930ல் இந்த ஊரில்தான் பரிசு வாங்கினார் என்று சொல்லுங்கள். மோர்ட்டன் ட்ரோட்சிக் சந்தில் குறுகலான இடம் 90 சென்டிமீட்டர்தான், ஆனால் அது படிக்கட்டுச் சந்து, கீழே நின்று போட்டோ எடுத்தால் போதும்.

ஜூனில் அங்கே பத்து மணி வாக்கில்தான் பொழுது சாயும். வெளிச்சத்தை நம்பினால் மாத்திரையும் சாப்பாடும் தவறும், போனில் அலாரம் வையுங்கள். ஊருக்கு வீடியோ காலில் சதுக்கத்தைக் காட்டுவதென்றால் ஐந்து மணிக்குள் முடித்துவிடுங்கள், அப்போது சேலத்தில் இரவு எட்டரை. நாங்கள் ஆறு மணிக்குக் கூப்பிட்டோம், பாட்டி படுத்துவிட்டார்.