சிம்ஸ் 4: வம்சக் கணக்கை எழுதிவைப்பது எப்படி

சிம்ஸ் 4 கணினி விளையாட்டில் ஒரு குடும்பத்தை உருவாக்கி, பிள்ளை, பேரன் என்று தலைமுறை தலைமுறையாக வளர்த்துக்கொண்டே போகலாம். மூன்றாம் தலைமுறை வரை யார் யார் என்பதெல்லாம் மனசிலேயே நிற்கும், நான்காவதில்தான் தடுமாறும். நான் இரண்டு மாதம் தொடாமல் விட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். வீட்டில் ஏழு பேர், அதில் இரண்டு பேர் மீனா (பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கிற பழக்கத்தை விளையாட்டிலும் விடவில்லை). நோட்டில் நான் எழுதியிருந்ததோ ஒரே வரி: "மீனாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சண்டை, பார்க்கணும்." எந்த மீனா?

அதனால் முதல் வேலை, ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள். முதல் எண் தலைமுறை, இரண்டாவது அந்தத் தலைமுறையில் பிறந்த வரிசை. 4-3 என்றால் நான்காம் தலைமுறையில் மூன்றாவதாகப் பிறந்தவள், அவ்வளவுதான். சிலர் அப்பா, தாத்தா எண்ணையெல்லாம் உள்ளேயே கோத்து 1-3-2-1 என்று எழுதுகிறார்கள், அது ஆறாம் தலைமுறைக்குள் போன் நம்பர் மாதிரி நீண்டுவிடும். பெற்றோர் எண்ணைத் தனிக் கட்டத்தில் போடுங்கள். கல்யாணம் ஆகி வந்தவர்களுக்கு 'வ-1', 'வ-2' என்று தனி வரிசை. பெயர் மாறலாம், வீடு மாறலாம், விவாகரத்து ஆகலாம், எண் மட்டும் மாறக்கூடாது.

விளையாட்டிலேயே குடும்ப மரம் இருக்கிறதே, எதற்கு இந்த வேலை என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அதை முழுக்க நம்ப முடியாது. மொத்தம் எத்தனை பேர் இருக்கலாம் என்று அமைப்புகளில் ஒரு உச்ச வரம்பு உண்டு, 200 என்று பார்த்திருப்பீர்கள். அதைத் தாண்டினால் நீங்கள் விளையாடாத ஆட்களை விளையாட்டு தானாகக் கழித்துவிடும், இறந்தவர்களும் அதில் அடிபடுவார்கள். மரத்தில் கொள்ளுத்தாத்தா இருந்த கிளை அப்படித்தான் ஒருநாள் காலியாகிறது. முக்கியமான உறவுக்காரர்கள் தனி வீட்டில் இருந்தால், குடும்பங்களை நிர்வகிக்கும் திரையில் அவர்களை 'என் குடும்பங்கள்' பக்கம் மாற்றிவிடுங்கள், இந்தக் கழிப்பிலிருந்து தப்புவார்கள்.

அடுத்தது தேதி. இந்த ஊரில் ஆண்டு என்று ஒன்று கிடையாது, கிழமை மட்டும்தான். சீசன்ஸ் என்ற கூடுதல் தொகுப்பு இருந்தால் நாட்காட்டி வரும், பருவம் ஒன்றுக்கு 7 நாள் என்று வைத்தால் 28 நாளில் ஒரு வருஷம் முடிந்துவிடும். இல்லாதவர்கள் சொந்தமாக வாரம் எண்ணுங்கள். மூத்தவர் குடிவந்த நாள் 1-ஆம் வாரம், பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். வீடு மாற்றி மாற்றி விளையாடுகிறவர்களுக்கு இது கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் வயது யாருக்கெல்லாம் ஏறும் என்பதை அமைப்பில் நீங்களே தேர்வு செய்கிறீர்கள். விளையாடும் குடும்பத்துக்கு மட்டும் என்று வைத்திருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் வாரக் கணக்கு தனித்தனி, எல்லோருக்கும் என்றால் ஊருக்கே ஒரே கணக்கு. இதை முதல் நாளே முடிவுசெய்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள், நடுவில் மாற்றினால் தம்பி அண்ணனைவிட மூத்தவன் ஆகிவிடுவான்.

சரி, ஒரு ஆளுக்கு என்ன எழுதுவது? என் நோட்டிலிருந்து ஒன்று:

4-3, மீனா (சின்னவள்). அப்பா 3-1, அம்மா வ-2. பிறந்தது 17-ஆம் வாரம் புதன், இரட்டையில் இரண்டாவது. சிறுமியானபோது வந்த குணம்: எப்போதும் முகத்தைத் தூக்கிவைத்திருப்பவள். 21-ஆம் வாரம் டீன் வயது, இரண்டாவது குணம்: கை நீளம். 22-ஆம் வாரம் அத்தை வீட்டிலிருந்து பூந்தொட்டியைத் தூக்கிவந்தாள், அத்தைக்கு இன்னும் தெரியாது.

கடைசி வரிதான் முக்கியம். குணம், லட்சியம், வேலை எல்லாவற்றையும் ஆளைத் திறந்தாலே பார்த்துக்கொள்ளலாம், பூந்தொட்டிக் கதையை உங்களைத் தவிர யாரும் வைத்திருக்கப் போவதில்லை. குணத்தை ஆங்கிலப் பெயரில் எழுதாமல் கை நீளம், சாப்பாட்டு ராமன் என்று எழுதிப் பாருங்கள், ஆளே கண் முன்னால் வந்து நிற்பார். உறவுக்கும் அப்படித்தான். விளையாட்டுக்கு எல்லோரும் அங்கிள்தான், நம் நோட்டில் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று பிரித்து எழுதலாம். பிறந்த வரிசை எண்ணிலேயே இருப்பதால் பெரியப்பாவா சித்தப்பாவா என்று யோசிக்கவே வேண்டாம்.

இறந்தால் காரணத்தைக் கட்டாயம் எழுதுங்கள். தீயில், மின்சாரத்தில், நீச்சல் குளத்தில், மாட்டுச்செடி (விளையாட்டில் வரும் ஆள்விழுங்கிச் செடி) விழுங்கி, இந்த ஊரில் அளவுக்கு மீறிச் சிரித்துக்கூடச் சாவார்கள். எப்படிச் செத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஆவியின் நிறமும் போக்கும் இருக்கும்.

படத்துக்கு சி பொத்தானை அழுத்தினால் போதும், ஸ்கிரீன்ஷாட்ஸ் அடைவில் போய் விழும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வீட்டில் ஒரே சுவர் முன்னால் நிற்கவைத்து எடுத்து, கோப்புக்கு '4-3 டீன்' என்று பெயர் மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றலாம் என்று விட்டால் முந்நூறு படம் சேர்ந்துவிடும், ஒன்றிலும் பெயர் இருக்காது.

அக்கம்பக்கக் கதைகள் வசதி இயக்கத்தில் இருந்தால், நீங்கள் பார்க்காத வீடுகளில் வேலை மாறும், குழந்தை வரும், ஆள் இடம் பெயர்வார். எந்த வீட்டுக்கு எது நடக்கலாம் என்று தனித்தனியாக நிறுத்திவைக்க முடியும். கிளைக் குடும்பங்களுக்கு நான் நிறுத்திவிடுவேன், இல்லாவிட்டால் நோட்டு ஒன்று சொல்லும், ஊர் வேறொன்று சொல்லும்.

எதில் எழுதுவது என்பதற்கு ரொம்ப யோசிக்காதீர்கள். எக்செல் போதும், நாற்பது பக்க நோட்டும் போதும். கிராம்ப்ஸ் மாதிரி நிஜ வம்சாவளி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, மரம் அழகாக வரும், ஆனால் நம் வாரக் கணக்கை அதற்குப் புரியவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

விளையாட்டின் சேமிப்புக் கோப்பையும் பத்திரப்படுத்துங்கள். டாக்குமென்ட்ஸ் அடைவுக்குள் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதற்குள் தி சிம்ஸ் 4, அதற்குள் சேவ்ஸ். கடைசியில் 'வெர்0' முதல் 'வெர்4' வரை முடிகிறவை பழைய சேமிப்புகளின் நகல்கள். தலைமுறை மாறும்போதெல்லாம் இந்த அடைவை அப்படியே வேறு டிரைவில் போட்டு, பெயரில் தலைமுறை எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

எழுத வேண்டிய நேரம், சேமித்துவிட்டு மூடுவதற்கு முந்தைய ஐந்து நிமிடம். நாளைக்கு எழுதலாம் என்று படுத்தால் போச்சு. அந்தப் பழைய வரியை நான் இன்னும் அடிக்கவில்லை, பக்கத்தில் பென்சிலால் "2-2 அல்லது 4-3" என்று போட்டுவைத்திருக்கிறேன்.