கிளவுட் தளத்தில் ஆப் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அரவேணுவிலிருந்து ஒரு தம்பி லேப்டாப்போடு கோத்தகிரிக்கு என்னைத் தேடி வந்தார். ஹோம்ஸ்டே நடத்தும் மாமாவுக்காக ஒரு ஆப் எழுதி, புரோகிராம் கோடைத் தள்ளிவிட்டால் மீதியைத் தானே பார்த்துக்கொள்ளும் கிளவுட் தளம் ஒன்றில் ஏற்றியிருந்தார். "அண்ணா, நேத்து ஏத்தின ரூம் போட்டோ எதுவும் இன்னைக்கு இல்ல. கோடுல எங்க தப்புன்னு தெரியல" என்றார். கோடில் தப்பே இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் நான் செய்ததைத்தான் அவரும் செய்திருந்தார். ஒரே மாதத்தில் இதே பிரச்சினையோடு வந்த மூன்றாவது ஆள் அவர். அதனால்தான் இதை எழுதுகிறேன். பாஸ்வேர்டைக் கோடுக்குள் வைக்காதீர்கள் என்பது போன்றவை எல்லா டுடோரியலிலும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

தளத்தின் டிஸ்க்கை நம்புவது

அப்போது பசுந்தேயிலை வாங்கும் ஏஜென்ட் ஒருவருக்கு ஆப் செய்து கொடுத்தேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் இலையை எடை போட்டதும், எடைச் சீட்டைப் போனில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஈரத்துக்காக எடையில் கொஞ்சம் கழிப்பார்கள். மாதக் கடைசியில் பணம் கொடுக்கும்போது சண்டை வருவது அந்தக் கழிவில்தான். சண்டை வந்தால் படத்தைக் காட்டலாம் என்பதற்காகவே அவர் இந்த ஆப்பைக் கேட்டார்.

படங்களை ஆப்புக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் சேமித்தேன். லேப்டாப்பில் நன்றாக ஓடியது. தளத்தில் ஏற்றிய பிறகும் ஓடியது. அன்றன்று எடுத்த படம் அன்றைக்குத் தெரிந்தது. பழைய படத்தை மாத நடுவில் யாரும் திறந்து பார்க்கவில்லை. பட்டியலில் பெயர், தேதி, எடை எல்லாம் சரியாக வந்தன, ஏனென்றால் அவை டேட்டாபேஸில் இருந்தன. படத்தின் ஃபைல் பெயரும் அங்கே பத்திரமாக இருந்தது. படம் மட்டும்தான் இல்லை.

நவம்பர் மாதக் கடைசியில், நல்ல மழையில், ஹட்டிகளிலிருந்து, அதாவது மலைக் கிராமங்களிலிருந்து, விவசாயிகள் கணக்குக் கேட்டு வந்தபோது ஏஜென்ட் எனக்குப் போன் செய்தார். ஒரு மாதப் படங்களில் அன்றைய படங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவர் வீடு வீடாகப் போய்க் காகிதச் சீட்டுகளைக் கேட்டார். பாதி நனைந்து எழுத்து அழிந்திருந்தது. கடைசியில் விவசாயிகள் சொன்ன எடையையே ஏற்றுக்கொண்டு வித்தியாசத்தைத் தன் கையிலிருந்து கொடுத்தார். நான் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அது அவருடைய நஷ்டத்துக்கு ஈடாகவில்லை.

சரி, ஏன் இப்படி ஆகிறது? நீங்கள் டெப்ளாய் செய்யும்போது, அதாவது ஆப்பைத் தளத்தில் ஏற்றும்போது, தளம் உங்கள் கோடிலிருந்து ஒரு இமேஜ் (ஆப்பின் மாறாத அச்சு) கட்டி, அதிலிருந்து ஆப் ஓடும் பெட்டியான கன்டெய்னரைக் கிளப்புகிறது. ஓடும்போது ஆப் எழுதும் ஃபைல்கள் அந்தக் கன்டெய்னரோடு போய்விடும். அடுத்த டெப்ளாயில் புது இமேஜிலிருந்தும், ரீஸ்டார்ட்டில் அதே இமேஜிலிருந்தும் புதுக் கன்டெய்னர் வருகிறது. கொழுந்து பறிக்கும் பையை எடை போடும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கவிழ்த்துக் கொட்டுவார்கள். வீட்டுச் சாவியை அதற்குள் போட்டால் அதுவும் இலையோடு ஃபேக்டரிக்குப் போய்விடும்.

இது எங்கோ ஒரு தளத்தில் மட்டும் உள்ள குறையும் இல்லை. ஹெரோகு என்ற தளத்தில் கன்டெய்னர் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு முறை தானாக ரீஸ்டார்ட் ஆகும். கூகுள் கிளவுட் ரன்னில் சாதாரணமாக எழுதும் ஃபைல் மெமரியில்தான் உட்காருகிறது, ஃபைல் சேரச் சேர உங்கள் மெமரி குறையும். எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸை அப்படியே கொண்டுபோய் ஏற்றுபவர்களுக்கு இன்னும் மோசம். டேட்டாபேஸே ஒரு ஃபைல் என்பதால் மொத்தமும் போகும். கன்டெய்னரை எப்போது வேண்டுமானாலும் கொன்று வேறு இடத்தில் எழுப்ப முடிவதால்தான் இந்தத் தளங்கள் உங்களுக்காகச் சர்வரைப் பார்த்துக்கொள்ள முடிகிறது. நன்மையும் தீமையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

எனக்கு இன்னும் கோபம் வருவது, ஃபைல் ஏற்றுவதைச் சொல்லித்தரும் பாடங்கள் இன்றைக்கும் லோக்கல் ஃபோல்டரில் சேமிப்பதோடு நின்றுவிடுவதைப் பார்க்கும்போதுதான். அடுத்த பாடத்தில் அதே ஆப்பை அப்படியே கிளவுடில் ஏற்றச் சொல்கிறார்கள்.

செய்ய வேண்டியது: படங்களை அமேசானின் எஸ்3 மாதிரியான ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (ஆப்புக்கு வெளியே ஃபைல்களைச் சேமிக்கும் சேவையில்) வைத்து, அங்கே படத்தைக் கண்டுபிடிக்க உதவும் பெயரான கீயை மட்டும் டேட்டாபேஸில் எழுதுங்கள். முடிந்தால் போனிலிருந்தே நேராக அங்கே ஏற்றுங்கள். மலையில் நெட் இழுக்கும்போது, பதிவேற்றம் முடியும் வரை வருபவர்களுக்குப் பதில் கொடுக்கும் உங்கள் ஆப்பின் வொர்க்கர் ஒன்று மாட்டிக்கொள்ளாது. ரெண்டர் போன்ற தளங்களில் அழியாத டிஸ்க்கைக் காசு கொடுத்து மாட்டலாம், ஆனால் மாட்டினால் அந்தச் சர்வீஸ் ஒரே இன்ஸ்டன்ஸில்தான் (ஒரே பிரதியாகத்தான்) ஓடும், ஒவ்வொரு டெப்ளாயின்போதும் சிறிது நேரம் நிற்கும்.

இலவசத் திட்டத்தில் பிழைப்பை நடத்துவது

ஹெரோகு 2022 நவம்பர் 28 முதல் இலவசத் திட்டத்தை நிறுத்தியது. ரெண்டரின் இலவச சர்வீஸ் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் தூங்கிவிடும். மே மாத சீசனில் ரூம் தேடும் ஆள் அது எழும் வரை காத்திருக்க மாட்டார். பழகுவதற்கு இலவசம் நல்லது, அதோடு சரி.

நேரத்தை மறப்பது

சர்வர் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். இரவு 12 மணிக்கு வைத்த கணக்கு நமக்கு விடியற்காலை 5:30க்குத்தான் ஓடும்.

பில் அலர்ட் வைக்காமல் விடுவது

செலவு நீங்கள் வைத்த அளவைத் தாண்டினால் எச்சரிக்கும் அலர்ட்டை முதல் நாளே வையுங்கள்.

ஒரு முறை அடிபட்டதும் சொந்த சர்வருக்கு ஓடுவது

இதையும் செய்தேன். படங்கள் போன கோபத்தில் மாத வாடகைக்கு ஒரு வெறும் சர்வர் எடுத்தேன். டிஸ்க் என் கையில், செலவும் குறைவு. ஆறு மாதம் கழித்து ஒரு மழை நாளில் லாக் ஃபைல்கள் சேர்ந்து டிஸ்க் நிரம்பி ஆப் நின்றது. அதே நாள் இங்கே மரம் விழுந்து கரண்ட் இல்லை, டவரும் இல்லை. சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆள் நான், என்னால் உள்ளே போகவே முடியவில்லை. மறுநாள் மதியம் குன்னூர் போய் அங்கிருந்து சரிசெய்தேன். பேட்ச் போடுவது, சர்டிஃபிகேட் புதுப்பிப்பது, விழுந்ததை எழுப்புவது, இவற்றைப் பார்க்க இரண்டு மூன்று பேர் இருந்தால் சொந்த சர்வர் லாபம். தனியாக வேலை செய்பவருக்கு, அதுவும் நம் மலையில், தளத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண் இல்லை. அடுத்த மாதமே தளத்துக்குத் திரும்பினேன், இந்த முறை படங்களை வெளியே வைத்து.

அரவேணு தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். மாற்றி எழுதியதும் ஒரு படத்தை ஏற்றி, டாஷ்போர்டில் ரீஸ்டார்ட்டை அழுத்தி, அந்தப் படம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு மாமா கையில் கொடுங்கள் என்றேன். அன்று இரவு ஒன்பது மணிக்குப் போன் வந்தது. "இருக்குண்ணா."