சுவிங் கியர்பாக்ஸில் நீர் புகுந்த வழி

மழைக்காலத்துக்குப் பின் எங்கள் பழைய 20 டன் எக்ஸ்கவேட்டரின் மேல்பகுதியைச் சுழற்றும் சுவிங் கியர்பாக்ஸிலிருந்து, ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவியபோது, ஆயில் பால் விட்ட தேநீர் நிறத்தில் குறிக்கு மேலே நின்றது. கியர்பாக்ஸை இயக்கும் சுவிங் மோட்டாரின் சீல் கசிந்து ஹைட்ராலிக் ஆயில் இறங்கினாலும் மட்டம் உயரும் என்பதால், ஒரு துளியை நன்கு சூடேறிய இரும்புத் தகட்டில் விட்டுப் பார்த்தேன். படபடவெனப் பொரிந்ததால் நீர்தான் என்று உறுதியானது. நீர் அடியில் தங்கட்டும் என்று ஓரிரவு வண்டியை அசைக்காமல் நிறுத்தி, காலையில் டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்தியதும் முதலில் நீரே வடிந்தது. ஹைட்ராலிக் டேங்கும், மேல்பகுதி சுழலும் பெரிய வளையமான சுவிங் பேரிங்கின் கிரீஸும் சுத்தமாக இருந்தன. எனவே மோட்டார் வழியாகவோ அடியிலிருந்தோ நீர் வந்திருக்காது என்று மேலிருந்து தேடினேன்: டிப்ஸ்டிக் குழாய் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. வளையத்தை மாற்றி, புது ஆயில் ஊற்றிச் சிறிது நேரம் சுழற்றி வடித்து, நிறம் தெளியும்வரை மீண்டும் செய்தேன். பேரிங்குகளில் துரு ஏறியிருக்குமோ என்பதே என் பெருங்கவலை. வடித்த ஆயிலில் இரும்புத் துகள் இல்லை.