மூடுபனி மலையை ஆயில் பெயின்டில் வரைவது எப்படி? ஃப்ரீட்ரிக் காட்டிய வழி

மூடுபனி என்றதும் வெள்ளை டியூபைப் பிதுக்காதீர்கள். வெள்ளையை அப்பினால் சுண்ணாம்பு அடித்த சுவர்தான் கிடைக்கும். ஜெர்மன் ஓவியர் காஸ்பார் டேவிட் ஃப்ரீட்ரிக் (1774–1840) மலைகளைப் பனியில் மூழ்கடித்தது மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித்தான். நாமும் அப்படியே ஒரு சின்னப் படம் போட்டுப் பார்ப்போம்.

12-க்கு 16 அங்குல கேன்வாஸ், டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரீன் நீலம், யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), வண்ணத்தை இளக்க டர்பன்டைன், லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்), தட்டை பிரஷ் இரண்டு, மெல்லிய பிரஷ் ஒன்று. இவை போதும். கறுப்பு வேண்டாம், நீலமும் அம்பரும் கலந்தாலே நல்ல இருட்டு வந்துவிடும்.

1. காட்சியைக் கட்டுங்கள்

ஒரே புகைப்படத்தை அப்படியே நகல் எடுக்க வேண்டியதில்லை. ஃப்ரீட்ரிக் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வாழ்ந்தவர். எல்பே ஆற்றுப் பாறைக்குன்றுகள், ஹார்ஸ் மலை, ரீசங்கெபிர்கே மலைத்தொடர் என்று நடந்து திரிந்து பென்சிலில் குறித்துக்கொள்வார். ஓவியமெல்லாம் வீட்டு அறையில்தான். 1824–25-இல் அவர் வரைந்த 'வாட்ஸ்மான்' என்ற மலை ஓவியம் இப்போது பெர்லினில் இருக்கிறது. 2,713 மீட்டர் உயரமுள்ள அந்த தென் ஜெர்மனி (பவேரிய) மலையை அவர் நேரில் பார்த்ததே இல்லை! சிகரத்துக்கு அவருடைய மாணவர் ஆகஸ்ட் ஹைன்ரிஷ் வரைந்த நீர்வண்ணப் படம் உதவியது. முன்னால் நிற்கும் பாறை ஹார்ஸில் பார்த்தது.

ஆகவே பாறையை ஒரு படத்திலிருந்தும் மலைமுகட்டை இன்னொன்றிலிருந்தும் தயங்காமல் எடுங்கள். வெளிச்சம் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும்.

2. பென்சில் கோடு

முன்னால் ஒரு பாறை, பின்னால் மூன்று மலை வரிசைகள். கோடுகளைக் கவனமாகப் போடுங்கள். ஃப்ரீட்ரிக்கும் அடிக்கோட்டில் அவசரப்பட்டவர் இல்லை. அதன்மேல் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த ஓக்கரைத் துணியால் தேய்த்துவிடுங்கள்.

3. வானமும் மலைகளும்

வானத்தின் மேற்பகுதிக்கு வெள்ளையில் கொஞ்சம் நீலம். கீழே வர வர துளி ஓக்கர். அப்புறம் தூரத்து மலை. வானத்தின் நிறத்திலேயே இன்னும் கொஞ்சம் நீலமும் நூலளவு அம்பரும் சேர்த்தால் போதும். அடுத்த வரிசை ஒரு படி இருட்டு, அதற்கடுத்தது இன்னொரு படி. வண்ணத்தை டர்பன்டைனால் இளக்கி மெல்லியதாகவே பூசுங்கள்.

4. பனி

படத்தின் உயிரே இங்கேதான். மலையின் மேல்விளிம்பு தெளிவாக இருக்கட்டும். அடிவாரத்தை, வண்ணம் ஈரமாக இருக்கும்போதே, சுத்தமான காய்ந்த பிரஷால் லேசாகத் தடவி அழியுங்கள். மலையின் கால் காணாமல் போனாலே பனி வந்துவிடும்.

பிறகு காத்திருங்கள். சில நாள் கழித்து விரலில் ஒட்டவில்லை என்றால், வெள்ளையில் துளி நீலம் கலந்து, துளி லின்சீட் ஆயில் விட்டு, பிரஷைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு மலைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களின்மேல் தேயுங்கள். தேவையென்றால் அது காய்ந்ததும் இன்னொரு முறை. அடிப்பூச்சைவிட மேல் பூச்சில் எண்ணெய் அதிகமாக இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது; இது தலைகீழானால் நாளடைவில் வெடிப்பு விடும்.

5. முன்பாறை

அம்பரும் நீலமும் கலந்து, பாறையை நல்ல இருட்டாக, விளிம்பு கூர்மையாக வரையுங்கள். இது இருட்டினால்தான் பின்னாலிருக்கும் பனி ஒளிரும். ஹாம்பர்கில் இருக்கும் 'மூடுபனிக் கடலுக்கு மேல் பயணி' (சுமார் 1818) படத்தைப் பாருங்கள்: கரும்பாறையில் முதுகைக் காட்டி ஒருவர் நிற்கிறார், இருபக்கச் சரிவுகளும் அவரை நோக்கியே இறங்குகின்றன. முதல் படத்தில் ஆள் உருவம் வேண்டாம் என்பேன். கண் நேராக அங்கேதான் போகும், உடலின் அளவு தவறினால் மலையே சின்னதாகிவிடும்.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம், விரித்துக் காயவிடுங்கள். வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.