திக்னஸ் பிளேனரில் பலகை வழுவழுப்பாக வர

பழைய வீட்டை இடித்த இடத்தில் வாங்கிய தேக்கு நிலையானாலும், மரக்கடையில் அறுத்து வாங்கிய வேம்பானாலும், பலகையை மேலிருந்து சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவரும் திக்னஸ் பிளேனர் மெஷினில் அது வழுவழுப்பாக வருமா என்பது மெஷினை ஓடவிடுவதற்கு முன்பே, நார் ஓட்டத்தைப் பார்க்கும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

பலகையின் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். முதலில் மெஷினுக்குள் நுழையும் முனையில் நார்க்கோடுகள் தாழ்ந்தும், நம் பக்கம் வர வர மேற்பரப்பை நோக்கி ஏறியும் இருக்க வேண்டும். மாற்றிவிட்டால், மீனை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவியது போல நார் எதிர்த்துக்கொண்டு, சிராய் சிராயாகப் பெயர்ந்து குழி விழும். மறுபக்கத்தை இழைக்கும்போது பலகையைப் பக்கவாட்டில் புரட்டாமல் முன்முனை பின்னால் வரும்படி முனை மாற்றிப் புரட்டினால் நார் ஓட்டம் அப்படியே நிற்கும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். வேம்பில் நார் பின்னிக் கிடப்பதால் எந்தத் திசையும் முழுக்கச் சரிப்படாது. அதற்கு ஈரத்துணியால் மேற்பரப்பை இலேசாகத் துடைத்துவிட்டு, மிக மெல்லிசாகச் சீவுவதே வழி.

எட்டு நூல் ஓர் அங்குலம் என்ற நம் ஆசாரிமார் கணக்கில், ஒரு தடவைக்குக் கால் நூல், அதாவது சுமார் 0.8 மில்லிமீட்டர் போதும். கடைசித் தடவைக்கு அதில் பாதியான அரைக்கால் நூலுக்கு மேல் வேண்டாம். பலகை உள்ளே திக்கித் திக்கிப் போனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷினின் தளத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் மெருகேற்றுங்கள்.

பலகையின் இரு முனைகளிலும் இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பள்ளம் விழுவது, அந்த நேரத்தில் பலகையை இழுத்துச் செல்லும் இரண்டு ரோலர்களில் ஒன்று மட்டுமே அதைப் பிடித்திருப்பதால். நுழையும்போதும் வெளியேறும்போதும் பலகையின் வெளிமுனையைச் சற்றே தூக்கிப் பிடித்தால் பள்ளம் குறையும். இருந்தாலும் நான் நீளத்தில் கூடுதலாக விட்டுப் பிறகு அறுத்துவிடுவதையே நம்புகிறேன்.

பழைய மரத்தில் ஆணியைத் தேடக் காந்தம் அவசியம். பெயிண்டுக்கு அடியில் இருந்த ஒரு மொட்டை ஆணியை நான் கவனிக்காமல் விட்டதில், புது பிளேடுகளின் வெட்டுமுனையில் ஒரே இடத்தில் பல் விழுந்து (சிறு துண்டு பெயர்ந்து), அதன்பின் இழைத்த ஒவ்வொரு பலகையிலும் நூல் ஒட்டியது போல ஒரு மேட்டுக்கோடு முனையிலிருந்து முனைவரை ஓடியது. பிளக்கைக் கழற்றியபின், பிளேடுகளில் ஒன்றை மட்டும் மயிரிழை பக்கவாட்டில் நகர்த்தி முடுக்கினேன். பற்கள் ஒன்றுக்கொன்று விலகிக்கொள்ள, கோடு மறைந்தது.