திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலை: குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு நாள் திட்டம்

1857-இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் தொடங்கிய மிருகக்காட்சிசாலை இது. நகரின் நடுவே, பூங்கா, நேப்பியர் அருங்காட்சியகம், சித்ரா ஓவியக்கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எதை முதலில் பார்ப்பது என்று யோசிக்காமல் நுழைகிறவர்கள்தான் மதியம் பிள்ளைகளை இடுப்பில் சுமந்துகொண்டு வெளியே வருகிறார்கள்.

1. கிழமை
திங்கட்கிழமை விடுமுறை. புதனன்று அருங்காட்சியகம் மதியத்துக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு நெரிசல். செவ்வாய், வியாழன், வெள்ளி நல்லது.

2. போய்ச் சேர
ரயிலோ பஸ்ஸோ, இறங்குமிடம் தம்பானூர். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த, திருகுபோல் சுற்றி ஏறும் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. காலை டிபனை அங்கே முடித்துவிடலாம். ஆட்டோக்காரரிடம் "மியூசியம்" என்றாலே போதும்.

3. பை
பெரியவருக்கு 1 லிட்டர், பிள்ளைக்கு அரை லிட்டர் தண்ணீர், ஸ்டீல் பாட்டிலில். தொப்பி, குடை. ஜூன் முதல் நவம்பர் வரை குடையை மறக்கவே கூடாது. பொட்டலத் தின்பண்டங்கள் வேண்டாம். விலங்குகளுக்கு எதுவும் போடவும் கூடாது.

4. காலையில் விலங்குகள்
9 மணிக்கே டிக்கெட் எடுத்துவிடுங்கள். வெயில் ஏறினால் புலியும் சிங்கமும் நிழலில் படுத்துவிடும். வாலின் நுனிகூடக் கண்ணில் படாது. அதனால் முதலில் அவை, பிறகு குரங்குகள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சிங்கவால் குரங்கை அவசரமில்லாமல் பாருங்கள்: கருப்பு முகம், சுற்றிலும் நரைத்த பிடரி, வால் நுனியில் குஞ்சம்.

நீர்யானைத் தொட்டியில் "ஒன்றுமில்லை" என்று நகர்ந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அது பகலெல்லாம் தண்ணீருக்குள்தான் கிடக்கும். மூச்சுவிட சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தே ஆகவேண்டும். ஐந்து நிமிடம் நின்றால் முதலில் மூக்குத் துளை இரண்டும் திறக்கும், அப்புறம் காதுகள் படபடவென்று நீரை உதறும். பிள்ளைகள் அதற்குப் பிறகு அங்கிருந்து நகர மாட்டார்கள்.

அனகோண்டாக்கள் 2014-இல் இலங்கையின் தெஹிவளையிலிருந்து வந்தவை. அசையாமல் கிடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஏமாற்றம் குறையும்.

நிலம் ஏரியை நோக்கிச் சரிவாக இறங்குகிறது. போகும்போது சுகம், திரும்பும்போது ஏற்றம். கால் வலிக்கத் தொடங்கும் முன்பே திரும்பிவிடுங்கள். மொத்தம் இரண்டரை மணி நேரம் போதும்.

5. உச்சி வெயிலில் கட்டடங்கள்
வெளியே சாப்பிட்டுவிட்டு நேப்பியர் அருங்காட்சியகத்துக்குள் போங்கள். டிக்கெட் தனி. 1880-இல் முடிந்த இந்தக் கட்டடம் ராபர்ட் சிஸம் வடிவமைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் அவர் கைவண்ணமே. பிள்ளைகளுக்கு வெண்கலச் சிலைகளைவிட வண்ணம் தீட்டிய கூரைதான் பிடிக்கும், அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். ரவிவர்மாவின் ஓவியங்கள் இப்போது அதே வளாகத்தில் அவர் பெயரிலேயே உள்ள தனி ஓவியக்கூடத்தில் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகள் இருந்தால், பெரியவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து மாறி மாறிப் பார்ப்பது மேல்.

6. மாலையில் புல்வெளி
பூங்காவுக்குக் கட்டணமில்லை. வெயில் தாழ்ந்ததும் நடைப்பயிற்சிக்காரர்கள் பாதையை நிறைத்துவிடுவார்கள். பேண்ட் மேடைப் பக்கம் பிள்ளைகளை ஓடவிடுங்கள். இருட்டும்வரை காத்திருந்தால் அலுவலகம் விடும் நேர நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். ஆறு மணிக்குமேல் ரயில் என்றால், ஐந்துக்கே ஆட்டோ பிடித்துவிடுங்கள்.