பிக்கப் வண்டியில் யூஜே கிராஸை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

பின்சக்கரங்களால் இயங்கும் பிக்கப் வண்டிகளில், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். அதன் நடுவிலுள்ள சிலுவை வடிவப் பாகத்தையும் அதன் நான்கு முனைகளிலும் மூடிபோல் பொருந்தும் கப்களையும் சேர்த்து யூஜே கிராஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். முன்கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றி வண்டியை எடுக்கும்போது அடியில் கேட்கும் 'டக்' ஓசை, மெதுவாகச் செல்கையில் வரும் கீச்சொலி, வேகம் கூடக்கூட வளரும் அதிர்வு ஆகியவை அது தேய்ந்ததன் அடையாளங்கள். ஆனால் ஷாஃப்டைக் கையால் திருப்பும்போது தெரியும் ஆட்டம் முழுவதும் கிராஸால் வருவதில்லை; பின் ஆக்ஸிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் எனும் கியர்த் தொகுப்பின் பற்களுக்கிடையேயும் சிறிது இடைவெளி உண்டு. எனவே, யோக்குக்கும் (கிராஸைப் பிடித்திருக்கும், இரு காதுகள் கொண்ட கவை வடிவ முனை) கிராஸுக்கும் இடையே அசைவு இருக்கிறதா என்பதையும், கப்பைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள் படிந்திருக்கிறதா என்பதையும் பார்த்தபின் புதிய கிராஸ் வாங்குங்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின்பகுதியை உயர்த்தி ஜாக்கி ஸ்டாண்டுகளில் அமர்த்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியரில் போட்டிருந்தாலும் சக்கரங்கள் உருளும் என்பதால், கட்டைகளை வேலை முடியும்வரை எடுக்கக்கூடாது.

போல்ட்டைத் தொடுவதற்கு முன் அடையாளமிட வேண்டும். சாய்வாக இயங்கும் ஒற்றை ஜாயின்ட், ஒவ்வொரு சுற்றிலும் சுழற்சியை இருமுறை வேகப்படுத்தி இருமுறை தளர்த்துகிறது. மறுமுனை ஜாயின்ட் அதற்கு நேரான அமைப்பில் இருந்தால்தான் இந்த ஏற்றத்தாழ்வு ஈடாகும். ஆகவே இரு ஃபிளேஞ்சுகளின் (போல்ட்டால் இணையும் தட்டுகள்) குறுக்கேயும், நீண்டு சுருங்கும் ஸ்பிளைன் பகுதி இருந்தால் அதன் இரு பாகங்களின் குறுக்கேயும் பெயின்ட்டால் கோடு போடுங்கள். பிறகு ஷாஃப்டைத் தாங்கிப் பிடித்தபடி போல்ட்டுகளைக் கழற்றி இறக்குங்கள். கியர்பாக்ஸ் முனையில் உருவி எடுக்கும் அமைப்பாக இருந்தால் ஆயில் வழியக்கூடும். அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) யோக்கை மட்டும் பிடிக்க வேண்டும். ஷாஃப்டின் குழாய்ப் பகுதி உள்ளீடற்றது என்பதால், அதை இறுக்கினால் நெளிந்து சமநிலை கெடும். துருநீக்கி எண்ணெயை ஊறவிட்டு, கப்கள் வெளியே வராமல் தடுக்கும் வளையங்களான நான்கு சர்க்லிப்களையும் சர்க்லிப் பிளையரால் எடுங்கள். கப்பைவிடச் சிறிய சாக்கெட்டை ஒரு பக்கத்திலும், கப் உள்ளே நுழையுமளவு பெரிய சாக்கெட்டை எதிர்ப்பக்கத்திலும் வைத்து வைஸை மெல்ல இறுக்கினால், எதிர்ப்பக்கக் கப் வெளியே தள்ளப்படும். சர்க்லிப்புக்குப் பதிலாக வார்ப்புப் பிளாஸ்டிக்கோ உலோக மடிப்போ பூட்டாக உள்ள ஜாயின்ட் என்றால், வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுவதே நல்லது. கழற்றிய யோக்கின் துளைகளையும் சர்க்லிப் பள்ளங்களையும் துருவின்றிச் சுத்தம் செய்யுங்கள்.

புதிய கப்களைப் பொருத்துவதில் அவசரம் வேண்டாம். கப்பின் உட்சுவரை ஒட்டி ஊசி ரோலர்கள் கிரீஸின் பிடிப்பில்தான் நிற்கின்றன. அவற்றில் ஒன்று சாய்ந்து அடியில் படுத்துவிட்டாலும் கப் முழுதாக இறங்காது, சர்க்லிப்பும் பள்ளத்தில் அமராது. அந்நிலையில் சுத்தியலால் ஓங்கி அடிக்காமல், கப்பை வெளியே எடுத்து ஊசிகளை நிமிர்த்தி வையுங்கள். கிராஸை யோக்குக்குள் வைக்கும்போது, கிரீஸ் ஏற்றும் சிறு முனையான நிப்பிள் பின்னர் கிரீஸ் கன் எட்டும் திசையில் இருக்கட்டும். முதல் கப்பைக் கையால் நேராகத் தொடங்கி, கிராஸின் முனையை அதற்குள் நுழைத்துப் பிடித்தபடியே வைஸால் அழுத்துங்கள்; முனை உள்ளே இருக்கும்வரை ஊசிகள் சாயா. பள்ளம் முழுதாகத் தெரிந்ததும் சர்க்லிப்பைப் போட்டு, எதிர்ப்பக்கத்தையும் அவ்வாறே முடியுங்கள்.

நான்கு கப்களும் அமர்ந்தபின், ஜாயின்ட்டை எல்லாத் திசையிலும் கையால் மடக்கிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால், யோக்கின் காதுகளில் பித்தளைச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் கப்கள் சர்க்லிப்பை ஒட்டி நகர்ந்து இறுக்கம் தளரும். பிறகும் சிக்கிச் சிக்கி நகர்ந்தால் வண்டியில் ஏற்றாமல் மீண்டும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

போட்ட கோடுகள் நேராகப் பொருந்தும்படி ஷாஃப்டை மாட்டி, புதிய லாக் நட்டுகளைத் தயாரிப்பாளர் கையேட்டிலுள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். நிப்பிள் உள்ள கிராஸ் என்றால், நான்கு சீல்களிலும் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை ஏற்றுங்கள். ஆயில் வழிந்திருந்தால் அளவைச் சரிபார்த்து நிரப்புங்கள். வண்டியை இறக்கிச் சுமையின்றி மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, ஃபிளேஞ்ச் போல்ட்டுகளின் இறுக்கத்தை மறுபடியும் சோதியுங்கள்.